‘வந்திட்டா?’ என்று கேட்டவர்

முப்பத்தொன்றாம் நாள் நினைவு மலருக்கு உதயரூபனின் வாழ்க்கைக் குறிப்பை ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் எழுதித் தந்தார். நல்ல தமிழ். ‘பண்பின் சிகரம்’ என்று ஓரிடத்திலும் ‘கடமையின் சிகரம்’ என்று இன்னோரிடத்திலும் இருந்தது. எங்கள் பக்கத்தில் சிகரம் ஒன்றும் இல்லை. வாவியும் கடலும் வயலும்தான். அதிபர் கோபிக்கக் கூடாது. அவருடைய குறிப்பு முதற்பக்கத்தில் படத்தோடு வருகிறது. இது அதற்குப் பின்னால் வரும். எழுதுவது உதயரூபனின் மனைவி சுலோஜனா.

உதயரூபன் 1968இல் பெரியகல்லாற்றில் பிறந்தார். தகப்பன் சிறுவயதிலேயே இல்லை. தாய் சின்னத்தங்கமும் ஓர் அக்காவும். உயர்தரம் படித்தார், பல்கலைக்கழகத்துக்கு நான்கு புள்ளி போதவில்லை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடிதம் அனுப்பும் பகுதியில் பன்னிரண்டு வருடம் இருந்தார். வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்தையும் ஒரு கொப்பியில் பதிவது அவருடைய வேலை. இன்ன கடிதம், இன்னாருக்கு, இன்ன திகதி. அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று எழுதுவதற்கு அந்தக் கொப்பியில் இடம் இருக்கவில்லை. பன்னிரண்டு வருடமும் அது அவருக்கு ஒரு குறையாகவே இருந்ததாக என்னிடம் சொன்னார். முப்பது வயதுக்குப் பிறகு கணினி படித்தார்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் நாவற்குடாவில் ஒரு நண்பரின் வீட்டில் கணினி திருத்திக்கொண்டிருந்தார். தாயும் அக்காவும் கல்லாற்றில் வீட்டில் இருந்தார்கள். மூன்றாம் நாள் இருவரின் பிரேதத்தையும் எடுத்தார்கள். இதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. கலியாணம் முடித்த பிறகு ஒருமுறை, சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்: “ஏழு மணிக்கு அங்க நிலநடுக்கம் நடந்திரிக்கி. ஒம்பதுக்குக் கிட்டத்தான் இஞ்ச வந்த. ரெண்டு மணித்தியாலம் சுலோ. ஒரு ஆளுக்காவது ஒரு மெயில் வந்திரிக்கும். வந்த ஆள் அதத் துறந்து பாக்கல்லயோ தெரியா.” பிறகு மோர்மிளகாய் கேட்டார்.

இரண்டாயிரத்து ஐந்து தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் வாடகைக்கு வீடு கிடைக்காது. எல்லா வீட்டிலும் ஒரு நிவாரண நிறுவனத்தின் பலகை தொங்கியது. அப்படியொரு நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. பதவியின் பெயர் அறிக்கை ஒழுங்கமைப்பு உத்தியோகத்தர். கொழும்பில் ஒரு பெரிய கணினி இருந்தது. அது, நாங்கள் உள்ளே இடும் விபரங்களை எடுத்து, குறித்த நேரத்தில் தானாகவே அறிக்கையாக்கி, குறித்த ஆட்களுக்குத் தானாகவே மெயிலில் அனுப்பும். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் பவுசர் வண்டி அறிக்கை. திங்கட்கிழமை தற்காலிகக் கொட்டில் அறிக்கை. மாதம் முதலாம் திகதி கழிவறை அறிக்கை. இப்படிப் பதினேழு. எல்லாம் தானாக நடப்பதால் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது.

அவர் உடனே ஒரு கொப்பி வாங்கினார். சீ.ஆர். கொப்பி, நீல மட்டை, இருநூறு பக்கம். அறிக்கையின் பெயர், போக வேண்டிய நேரம், போன நேரம், யாருக்கு. கடைசியாக ஒரு கட்டம்: வந்திட்டா. அந்தக் கட்டத்தை நிரப்புவதற்கு அவர் அறிக்கை பெறும் எல்லோருக்கும் தொலைபேசி எடுத்தார். ‘அனுப்பப்பட்டது’ என்று கணினி சொல்வதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. “அனுப்பினது அதுக்குத் தெரியும். வந்தது ஒங்களுக்கெல்லோ தெரியும்” என்பார். மெயில் பெறுகிறவர்களில் சில வெள்ளைக்காரரும் இருந்தார்கள். அவர்களிடமும் கேட்டார். ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, இந்த நாட்டில் தன்னை ஒவ்வொரு நாளும் நினைத்த ஒரே மனிதர் இவர்தான் என்று பிரியாவிடைக் கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். உதயரூபன் கொப்பியில் அந்த வெள்ளைக்காரரின் பெயருக்குக் குறுக்கே கோடு போட்டு, புதிதாக வருகிறவரின் பெயரைக் கேட்டார்.

நான் அப்போது வாவிக்கு அந்தப்பக்கம், படுவான்கரையில், மகிழடித்தீவில் இருந்த உப அலுவலகத்தில் வேலை செய்தேன். படுவான்கரை, அரசாங்கத்தோடு போரிட்ட இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. நகரம் இருக்கும் எழுவான்கரை அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில். எங்களுக்கு மின்சாரம் இல்லை. கூரையில் ஒரு செய்மதித் தட்டும் கீழே ஒரு ஜெனரேற்றரும் இருந்தன. டீசலை அளந்து, கான் கணக்கில்தான் வாவியைக் கடக்க விடுவார்கள். ஆகையால் பிற்பகல் இரண்டரையிலிருந்து நாலரை வரை மட்டும் ஜெனரேற்றர் ஓடும். அந்த இரண்டு மணித்தியாலத்தில்தான் மெயிலும் தொலைபேசியும் பிரின்ரரும். நாலரைக்குப் பிறகு நாங்கள் அக்காலத்து மனிதர்கள்.

நேரத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இப்போது சிறுபிள்ளைகளுக்கு இது தெரியாது. தொண்ணூற்றாறில் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியது. ஒருமுறை ஒரு மணித்தியாலம் தள்ளி, பிறகு அரைமணியைத் திருப்பித் தந்தது. மற்ற அரைமணி அப்படியே நின்றது. இயக்கம் அதை ஏற்கவில்லை. ஆகவே எழுவான்கரையில் காலை ஏழு மணி என்றால் படுவான்கரையில் ஆறரை. இது புது நேரம், அது பழைய நேரம். பாதை என்று நாங்கள் சொல்லும் இரும்பு மிதவை மண்முனையில் வாவியைக் கடக்கும். பதினைந்து நிமிடப் பயணம். இந்தப்பக்கம் ஏறினால் புறப்பட்டதற்குக் கால்மணி முன்னதாக அந்தப்பக்கம் இறங்கலாம். பத்து வருடம் இப்படி இருந்தோம். கூட்டமோ சாவீடோ கலியாணமோ, நேரம் சொன்னால் அடுத்த கேள்வி “பழசா புதுசா?” என்பதுதான்.

உதயரூபன் தன்னுடைய கொப்பியில் இரண்டு நேரத்துக்கும் இரண்டு நிரல் போட்டிருந்தார். பழையது சிவப்புப் பேனை, புதியது நீலம்.

பதினேழு அறிக்கையில் எனக்கு முக்கியமானது ஒன்றுதான். கடவைப் பட்டியல். படுவான்கரையிலிருந்து நோயாளரை எங்கள் வேனில் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்றால், முதல் நாள் பிற்பகல் அந்தப் பட்டியல் வர வேண்டும். ஒரு பிரதியை நான் அச்சடித்து இயக்கத்தின் பதிவுக் கொட்டிலில் கொடுப்பேன். அதே பட்டியலை அவர் எழுவான்கரையில் அச்சடித்து இராணுவச் சோதனைச்சாவடியில் கொடுப்பிப்பார். இரண்டு கரையிலும் ஒரே பெயர்கள் இருந்தால் பதினைந்து நிமிடத்தில் விடுவார்கள். இல்லாவிட்டால் வரிசை. வரிசை என்றால் மத்தியானம்.

புது நேரம் நாலரைக்கு, அதாவது எங்கள் நாலு மணிக்கு, பட்டியல் வரும். ஐந்து நிமிடத்தில் தொலைபேசி அடிக்கும்.

“மிஸ், வந்திட்டா?”

“வந்திட்டு சேர்.”

“எத்தின மணிக்கு?”

“நாலு.”

“பழசு?”

“பழசு.”

“சரி மிஸ்.”

பதினான்கு மாதம் இந்த உரையாடல்தான். ஆளை நான் கண்டதில்லை. ஆனால் வீட்டில் பின்னேரம் தேத்தண்ணி ஊற்றும்போது “இண்டைக்கு மெயில்காரருக்குத் தடிமன் போல, குரல் அடைச்சிரிக்கி” என்று நான் சொல்லியிருக்கிறேன். அப்பா கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்பாவின் பெயர் கதிர்காமத்தம்பி. வயல் செய்தவர். இடது கண் பல வருடத்துக்கு முன்பு சூடடிக்கும்போது நெல்மணி தெறித்துப் போனது. இருந்த வலது கண்ணிலும் புரை விழுந்து, 2006 பிறக்கும்போது அவருக்குப் பகல் இரவு மட்டும் தெரிந்தது. நடமாடும் சிகிச்சைக்கு வந்த டொக்டர் பார்த்துவிட்டு, இது முற்றிப்போயிற்று, இன்னும் விட்டால் வெட்டினாலும் சரிவராது என்றார். கொழும்பிலிருந்து ஒரு கண் வைத்தியக் குழு ஏப்ரல் பத்தொன்பதாம் திகதி புதன்கிழமை, ஒரேயொரு நாள், மட்டக்களப்புக்கு வருகிறது, காலை ஒன்பதுக்குள் பதிய வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். படுவான்கரையிலிருந்து பதினொரு பேரின் பெயரைக் கொடுத்தோம். அப்பா பதினோராவது.

அப்போது நிலைமை கெடத் தொடங்கியிருந்தது. வாவியின் இரண்டு பக்கத்திலும் துப்பாக்கிச் சூடு கேட்டது. இன்னொரு குழு வரும் என்றோ, வந்தாலும் பாதை ஓடும் என்றோ யாரும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து அரசாங்கம் மிச்ச அரைமணியையும் திருப்பிக் கொடுத்தது. சித்திரை வருடப்பிறப்போடு, பதினைந்தாம் திகதி முதல் நாடு முழுவதும் பழைய நேரம் என்று வானொலி சொன்னது. அப்பா வானொலிப் பக்கம் காதைத் திருப்பி இரண்டாம் முறையும் கேட்டார்.

“நான் ஒரு இடமும் போகல்ல புள்ள” என்றார். “அவனுகள்தான் பத்து வரியம் சுத்திப்போட்டு வந்திரிக்கானுகள்.”

உதயரூபன் சனிக்கிழமை, விடுமுறை நாளில், தனியாக அலுவலகத்துக்குப் போய்ப் பதினேழு அறிக்கையின் நேரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடவைப் பட்டியல் நாலரைக்குப் போவதாக இருந்தது. இனி அந்த நாலரையும் எங்கள் நாலரையும் ஒன்று. ஜெனரேற்றர் நிற்கும் நேரம். ஆகவே அதை நாலு மணிக்கு மாற்றினார். சரியான திருத்தம். ஒன்றைத் தவிர எல்லாம் சரி. கொழும்பில் இருந்த பெரிய கணினியின் கடிகாரத்தை யாரும் பின்னுக்குத் தள்ளவில்லை. நாடு பழைய நேரத்துக்கு வந்தது, அது மட்டும் புது நேரத்தில் நின்றது. அதற்கு நாலு மணி என்றால் எங்களுக்கு மூன்றரை.

செவ்வாய்க்கிழமை, பதினெட்டாம் திகதி, அவர் பதினொரு பேரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வயது, கூட்டிவரும் என்னுடைய பெயர் எல்லாவற்றையும் உள்ளிட்டு முடிக்கும்போது மூன்றே முக்கால். பட்டியல் மூன்றரைக்கே போய்விட்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லாமல். மெயிலின் மேல் கணினி தன் கடிகாரப்படி நாலு மணி என்று முத்திரை குத்தியிருந்தது.

நாலு ஐந்துக்குத் தொலைபேசி அடித்தது.

“மிஸ், வந்திட்டா?”

“வந்திட்டு சேர்.”

“எத்தின மணிக்கு?”

நான் முத்திரையைப் பார்த்தேன். “நாலு.”

“பழசா…” என்று தொடங்கி நிறுத்தினார். “இனிக் கேக்கத் தேவல்ல என்ன.”

“ஓம் சேர். இனி ஒண்டுதானே.”

“சரி மிஸ்.” கட்டத்தில் சரி போட்டிருப்பார்.

அவர் வந்ததா என்று கேட்டார், வந்திருந்தது. என்ன வந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் அச்சடிக்கும்வரை திறக்கவில்லை. பதினான்கு மாதத்தில் அதற்குத் தேவை வந்ததில்லை.

நாலு இருபதுக்கு அச்சடிக்கத் திறந்தேன். ‘நாளை கடப்போர்: 0’ என்று இருந்தது. கீழே கட்டங்கள் ஒழுங்காக வெறுமையாக இருந்தன. உடனே அவருக்கு எடுத்தேன். வேறு இணைப்பில் இருந்தார். திரும்ப எடுத்தேன். அப்போதும் அப்படியே. மற்ற அறிக்கைக்காரரிடம் வந்திட்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. நாலரைக்கு ஜெனரேற்றர் நின்றது.

மேலிடம் பயணத்தை நிறுத்திவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அந்தக் கிழமை நிறுத்துவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வீட்டுக்குப் போனேன். அப்பா தலைமயிர் வெட்டி, முழுகி, முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். கண் வெட்டினால் பத்து நாள் முழுகக் கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

“நாளைக்கு இல்லயாம் அப்பா.”

“ஆர் சொன்ன?”

“மெயில் வந்திரிக்கி.”

அப்பா தலையைத் தடவினார். “வீணா முழுகிப்போட்டன்” என்றார்.

அதே நேரம் உதயரூபன் வேலை செய்த நாவற்குடா அலுவலகத்தில், சோதனைச்சாவடிக்குக் கொண்டுபோகும் பிரதியை எடுக்க வேன் சாரதி சாலிஹ் வந்திருந்தார். காத்தான்குடிக்காரர், அலுவலகத்தில் எல்லோருக்கும் ‘காக்கா’, அண்ணன் முறை. எதையும் வாசிக்காமல் வாங்க மாட்டார்.

“சேர், இதில ஒத்தரும் இல்ல. வெறுங் கோடு கிடக்கு.”

“பிரின்ரர்ல மை முடிஞ்சிரிக்கும் காக்கா.”

“தலைப்பு அழகா அடிச்சிரிக்கே. நாளைக்கு வேன்ல ஆர ஏத்திற? கோட்டயா?”

உதயரூபன் கடதாசியை வாங்கிப் பார்த்தார். கொப்பியைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கணினியில் முத்திரையைப் பார்த்தார். அப்போது நாலே முக்கால். தொலைபேசி எடுத்தார், எங்கள் பக்கம் செத்துக் கிடந்தது. இப்போது பெயர்கள் உள்ளே இருந்தன. சரியான பட்டியலை இரண்டு பிரதி அச்சடித்தார். ஒன்றைச் சாலிஹிடம் கொடுத்தார். மற்றதைப் பிளாஸ்ரிக் கோவையில் வைத்து, சாலிஹின் வேனிலேயே ஏறி மண்முனையில் இறங்கினார். கடைசிப் பாதை ஐந்தரைக்கு. அவர் படுவான்கரைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அந்தப்பக்கம் பதிவுக் கொட்டிலில் இருந்தவர் கோவையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

“ஒங்கட பேர் இதில இல்லயே.”

“அது நாளைக்கு வாற ஆக்கள்ற பட்டியல். பட்டியலக் கொண்டு வாறது நான்.”

“அப்ப ஒங்களக் கொண்டு வாறது ஆர்?”

உதயரூபன் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு நின்றார். இருபது நிமிடம் வைத்திருந்துவிட்டு, முத்திரை குத்தி விட்டார்கள். பக்கத்துக் கடையில் ஒரு சைக்கிள் இரவல் வாங்கி, உப அலுவலக மிஸ்ஸின் வீடு எது என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

ஒரு குள்ளமான மனிதர் சைக்கிளிலிருந்து இறங்கி, ஸ்ராண்ட் போடத் தெரியாமல் வேலியில் சாத்துவதை நான் முற்றத்தில் நின்று பார்த்தேன். சேர்ட் முழுவதும் வியர்வை. கோவை மட்டும் காய்ந்திருந்தது.

“மிஸ்?” என்றார். அந்தக் குரலுக்கு எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது. நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன்.

“பிழையான பட்டியல் வந்திரிக்கி. இதுதான் சரி. பதினொரு பேரும் இரிக்காங்க. நீங்களும் இரிக்கீங்க.”

“ஆரு புள்ள அது?” என்று அப்பா கதிரையிலிருந்து கேட்டார்.

“மெயில் அனுப்புறவர் அப்பா.”

“மெயில் சைக்கிள்லயா வாற?”

“இண்டைக்கு மட்டும் ஐயா” என்றார் உதயரூபன்.

வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. மற்றப் பத்துப் பேருக்கும் அதற்குள் நான் பயணம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். நாலு ஊர். அவர் இரவல் சைக்கிளிலும் நான் என்னுடையதிலும் புறப்பட்டோம். காலை ஏழு மணிக்குப் பாதையடி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அதே கேள்வி. “பழசா புதுசா?”

முதல் வீட்டில் அவர் விளக்கமாகச் சொன்னார். அரசாங்கம் மாற்றிவிட்டது, இப்போது இரண்டும் ஒன்று, இனிப் பழையது புதியது என்று இல்லை. அந்த மனிசி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரி தம்பி. இப்ப நீங்க சொன்ன ஏழு பழசா புதுசா?” என்றாள். மூன்றாவது வீட்டிலிருந்து அவர் “பழசு” என்று மட்டும் சொன்னார். எல்லோருக்கும் விளங்கியது. ஓரிடத்தில் ஒருவர், அரசாங்கத்தை நம்பேலாது, நான் ஆறரைக்கே வாறன் என்றார். முனைக்காட்டில் ஒருவர் நான் முதலில் சொன்னதை நம்பி, சோகத்தில் கொஞ்சம் குடித்திருந்தார். அவருக்கு மட்டும் இரண்டு தரம் சொன்னோம்.

உதயரூபன் ஒவ்வொரு வீட்டிலும் இறங்கி, பட்டியலைத் திறந்து, பெயரைக் கேட்டு, அடையாள அட்டையின் கடைசி நாலு இலக்கத்தை ஒப்பிட்டு, சிறு சரி போட்டார். நான், ஆட்களை எனக்குத் தெரியும் சேர் என்றேன். “எனக்கும் தெரியும் மிஸ். வந்திட்டெண்டுதான் அண்டைக்கும் தெரியும்” என்றார். ‘அண்டைக்கு’ என்றது மூன்று மணித்தியாலத்துக்கு முந்தியதை. அவர் அதற்குள் அதைப் பழைய பிழையாக்கிவிட்டார்.

அன்று அவர் எங்கள் உப அலுவலகத்தில் இரண்டு மேசையைச் சேர்த்துப்போட்டுப் படுத்தார்.

காலை ஏழு மணிக்குப் பாதையடியில் பதினொரு பேரும் நின்றார்கள். ஆறரைக்காரர் ஆறு மணிக்கே வந்திருந்தார். அப்பா வெள்ளைச் சாரமும் சேர்ட்டும். குடித்தவர் தெளிந்திருந்தார். எங்கள் பக்கத்தில் முத்திரை குத்தி விட்டார்கள். எழுவான்கரையில் இறங்கினால் இராணுவத்திடம் சாலிஹ் கொடுத்த அதே பட்டியல். சிப்பாய் விரலால் எண்ணினான். திரும்ப எண்ணினான்.

“பன்னெண்டு எழுதியிருக்கு. பதிமூணு நிக்குது.”

எல்லோரும் உதயரூபனைப் பார்த்தோம். மாவட்டத்தில் அந்தப் பட்டியலை முழுதும் அறிந்த ஒரே ஆள் அவர். அவர் மட்டும்தான் அதில் இல்லை.

“நான் எழுதினவன்” என்றார்.

“எழுதினவன் பேர் எங்க?”

அவர் விவாதிக்கவில்லை. “மிஸ், நீங்க போங்க. ஒம்பதுக்குள்ள பதிய வேணும்” என்று சொல்லிவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனார். வரிசையில் அவருக்கு முன்னால் அறுபது பேராவது இருந்தார்கள், இரண்டு ஆடும். சாலிஹ் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். வழியில், “சேர விட்டுட்டுப் போறமே கா” என்று ஒருதரம் சொன்னார். வேகத்தைக் குறைக்கவில்லை. எட்டே காலுக்கு ஆஸ்பத்திரி. எட்டு நாற்பதுக்குப் பதினொரு பேரும் பதிந்தாயிற்று. அப்பாவை ஒரு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அதற்குச் சற்று முன்புதான் உதயரூபன் வந்து சேர்ந்தார். என் பக்கத்தில் வாங்குப் பலகையில் இருந்தார். எத்தனை மணிக்கு விட்டார்கள் என்று கேட்டேன். “பன்னெண்டு பத்து” என்றார். பிறகு, “இனிப் பழசு புதுசு இல்ல, ஒரு நேரம்தான்” என்றார்.

அடுத்த நாள் காலை கட்டு அவிழ்த்தார்கள். அவர் கொப்பியோடு வந்திருந்தார். வாட்டில் கட்டில் கட்டிலாகப் போய், எங்கள் ஆட்கள் பதினொரு பேரிடமும் “தெரியுதா?” என்று கேட்டார். தெரியுது என்று சொன்னவர்களை அவர் நம்பவில்லை. கொப்பியைப் பிடித்து, “இது என்ன நிறம்?” என்றார். நீலம் என்று சொன்ன பிறகுதான் சரி போட்டார். தாதி ஒருத்தி அவரை டொக்டர் என்று நினைத்துக் கதிரை கொடுத்தாள்.

கடைசியாக அப்பாவிடம் வந்தார். அப்பா கொப்பியைப் பார்க்கவில்லை. அவரைத்தான் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதற்கு நேரம் ஆகவில்லை.

“இவரா புள்ள மெயில்?”

“ஓம் அப்பா.”

“இன்னுங் கொஞ்சம் உயரமா இரிக்கும் எண்டு நினைச்சன்.”

உதயரூபன் அதையும் ‘தெரிகிறது’ என்று எடுத்துக்கொண்டு சரி போட்டார்.

அந்தக் கிழமையே கொப்பியில் புதுக் கட்டம் ஒன்று வந்தது. ‘உள்ளே என்ன’. அன்றிலிருந்து தொலைபேசியில் “வந்திட்டா?” என்று கேட்டு நிறுத்த மாட்டார். “துறந்து பாத்தீங்களா? மூணாவது வரியில என்ன கிடக்கு?” என்று கேட்பார். அறிக்கை பெறுகிறவர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் அதுவரை அறிக்கைகளை வாசித்ததில்லை. கொழும்புக் கணினியின் கடிகாரத்தை மே மாதம் சரிசெய்தார்கள். அவர் ஏழு மெயில் எழுதிய பிறகு.

மற்றது எல்லோருக்கும் தெரியும். கண் வைத்தியக் குழு பிறகு வந்ததாக நான் அறியவில்லை. வருட முடிவுக்குள் பாதை நின்றது. 2007 மார்ச்சில் படுவான்கரை முழுவதும் ஷெல்லடிக்குள் எழும்பி வாவிக்கு இந்தப்பக்கம் வந்தது. நாங்களும் வந்தோம். எங்கள் ஒழுங்கையில் முன்னால் நடந்தவர் அப்பா. பள்ளம், கம்பி, தண்ணீர் எல்லாம் அவர்தான் சொல்லிக்கொண்டு போனார். நாங்கள் கூடாரத்தில் இருக்கும்போது உதயரூபன் கொட்டில் அறிக்கைக்கு விபரம் எடுக்க வந்தார். எங்கள் கூடாரத்துக்கு நாலு தரம் வந்தார். எங்கள் குடும்பத்தில் அம்மாவோடு மூன்று பேர்தான். அப்பா நாலாம் தரம், “இனி விபரம் ஒண்டும் இல்ல மருமகன், புள்ளயத்தான் கூட்டிப் போகலாம்” என்றார். ஆவணியில் கலியாணம். முகூர்த்தம் பழைய நேரமா புது நேரமா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அது ஒரு குறைபோல இருந்தது.

2009 மே மாதம் போர் முடிந்தது. நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பலகையைக் கழற்றின. எங்களுடையது டிசம்பரில். அவருக்குக் கடைசியாகக் கொடுத்த வேலை, அதற்குள் பதினேழிலிருந்து இருபத்திமூன்றாகியிருந்த அறிக்கைகளை நிறுத்துவது. ஒன்றை நிறுத்துவார். அது போக வேண்டிய நேரம் வரும்வரை காத்திருப்பார். பிறகு அதைப் பெறுகிறவருக்குத் தொலைபேசி எடுத்து, “வரல்லத்தானே?” என்று கேட்பார். வரல்ல என்றால் சரி போடுவார். மாத அறிக்கைக்காக முழு மாதமும் காத்திருந்தார். நிறுவனம் மூடிய பிறகு வீட்டிலிருந்து தன் கைத்தொலைபேசியில் கேட்டார்.

அவர் போனது 2010 பெப்ரவரி ஒன்பதாம் திகதி காலை, கதிரையில் இருந்தபடி. மாரடைப்பு என்றார்கள். நாற்பத்தொரு வயது.

சாவீட்டில் ஆட்கள் நிறைய. அன்று கண் வெட்டிய பதினொரு பேரில் ஏழு பேர் வந்தார்கள். இரண்டு பேர் தொண்ணூறு வயதுக்காரர் போல மெல்ல நடந்து வந்தார்கள், ஆனால் கைபிடித்து வழிகாட்ட ஆள் தேவைப்படவில்லை. அப்பா பிரேதத்தின் தலைமாட்டில் கதிரை போட்டு, மத்தியானம் வரை அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய், உள்ளே வந்து கொஞ்சம் படுங்க அப்பா என்றேன்.

“மருமகன் தந்த கண்” என்றார். “இதயும் பாக்கவேணும் எண்டு தெரிஞ்சிருந்தா அண்டைக்கு நான் பாதையில ஏறியிரிக்க மாட்டன்.”

பிறகு அவரே எழும்பினார். வெளியே வாசலில் நூறு சோடி செருப்பாவது ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தது. ஆட்கள் புறப்படும்போது மாறிப்போகும் என்று சொல்லி, குந்தியிருந்து சோடி சோடியாகப் பிரித்து அடுக்கினார். நிறமும் அளவும் பார்த்து. பறை முழங்கத் தொடங்கும்வரை அடுக்கினார். ஒன்றும் மாறவில்லை.